கந்தசாமி செல்வராணியின் வாக்கு

1

எங்கள் கந்தோனில் மறுபடியும் தேர்தல் வைத்தார்கள்.

கந்தோன் என்றவுடன் ஊரில் இருப்பவர்களுக்குக் கந்தோர் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. பிரான்சுக்கு வந்த புதிதில் ஒரு கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, ஏதோ அலுவலகத்துக்கு வரச்சொல்கிறார்கள் என்று நினைத்து, அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரு முழுநாள் விசாரித்துத் திரிந்தேன். கந்தோன் என்பது கட்டடம் அல்ல, தொகுதி. மாவட்டசபைக்கு ஆட்களைத் தெரிவு செய்கிற தொகுதி.

இந்த மாவட்டசபையின் வேலைகள் கொஞ்சம்தான். பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள், கைக்குழந்தைகளுக்கான மருத்துவ நிலையங்கள், வயதானவர்களுக்கு வீட்டில் ஒத்தாசை, வேலையில்லாதவர்களுக்கு உதவிப்பணம். இவற்றைத் தவிர வேறு எதைக் கேட்டாலும், வீடா, விசாவா, "அது எங்கள் வேலை இல்லை" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்கள். வேட்பாளர்கள் சோடியாக நிற்கவேண்டும், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். வாக்கும் சோடிக்குத்தான். எங்கள் வீட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "இவை புருசன் பெஞ்சாதியோ?" என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வீட்டிலை ஒண்டும் சொல்லமாட்டினமோ?" என்றார்.

நான் வேலை செய்வது தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில். அது பாரிஸ் நகருக்குள் இருப்பதால் அங்கே இந்தத் தேர்தல் கிடையாது. வசிப்பது வடக்குப் புறநகர் ஒன்றில். எபினேயும் இல்லை, லா கூர்னெவ்வும் இல்லை, இன்னொரு ஊர். அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

முதலில் நடந்த தேர்தல் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் இடையில் கொஞ்ச வாக்குத்தான் வித்தியாசம். வாக்களித்தவர்கள் பட்டியலில் வைத்த கையெழுத்துகளில் சில பொருந்தவில்லை. யாரும் களவு செய்ததாகத் தீர்ப்பில் இல்லை. ஒருவர் இன்னொருவருடைய கோட்டில் கையெழுத்து வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் அப்படிப்பட்ட கையெழுத்துகளின் எண்ணிக்கை வித்தியாசத்தைவிடக் கூடுதலாக இருந்தபடியால் எல்லாவற்றையும் முதலில் இருந்து நடத்தச் சொன்னார்கள்.

2

என்னை வாக்களிப்பு நிலைய மேசைக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் ஆள் இல்லாததுதான். இடைத்தேர்தல், அதுவும் இரண்டாம் சுற்று, ஞாயிற்றுக்கிழமை. யார் வருவார்கள்? நகரசபையில் இருந்து தொலைபேசி எடுத்த பெண், "நீங்கள் ஒரு நாள் உதவ முடியுமா?" என்று கேட்டாள். ஓம் என்றுவிட்டேன்.

மகள் மயூரிக்கு இருபத்துமூன்று வயது. அவளிடம் சொன்னபோது பிரெஞ்சில்தான் பதில் வந்தது. இப்போது எல்லாப் பதிலும் பிரெஞ்சில்தான்.

"அப்பா, ஒருத்தரும் வராத தேர்தலுக்குக் காவல் இருக்கப் போறீங்களா?"

"வாற ஆக்களுக்கு ஆரும் இருக்கவேணுமெல்லோ. நீயும் வந்து ஒண்டைப் போட்டிட்டுப் போவன்."

"பார்ப்போம்," என்றாள். அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான்.

மனதுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. என் தொழில் படிவம் நிரப்புவது. ரூ பஜோல் என்ற தெருவில் இருந்து இரண்டு தெரு தள்ளி, விமானச்சீட்டு விற்கும் சின்னக் கடையின் பின்மேசையில் இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆட்களின் பெயரைப் பிரெஞ்சுக் கட்டங்களுக்குள் இறக்குவதுதான் அங்கே பெரிய வேலை. எங்களுக்கு இருப்பது தகப்பன் பெயரும் தன் பெயரும். இவர்கள் கேட்பது குடும்பப் பெயர். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினால் ஒரே வீட்டில் புருசனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. மாறி எழுதினால் அலுவலகத்தில் இருந்து திரும்பி வரும். ஒரு எழுத்துப் பிசகினால் ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு எழுத்தை என்னிடம் விட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் நிறையப் பேர். பெயர் விசயத்தில் நான் பிழை விட்டதில்லை என்று பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

3

வாக்களிப்பு நிலையம் ஒரு பாலர் பாடசாலையில். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த மீன்கள். தலைமை தாங்கியவர் மதாம் பெரோ, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. காலையில் கதவு திறக்குமுன் எங்களைக் கூட்டிவைத்து, கோடு கீறும் அடிமட்டத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்:

"போனமுறை என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு கோடு, ஒரு அடிமட்டம், ஒரு கையெழுத்து. அவசரம் வேண்டாம். அவசரப்படுத்த ஆளும் வராது."

நடைமுறை சுலபமானது. வருகிறவர் அடையாள அட்டையைக் காட்டி, தடுப்புக்குள் போய்ச் சீட்டை உறையில் போட்டுக்கொண்டு பெட்டிக்கு வருவார். மதாம் பெரோ பெயரைச் சொல்லுவார். நான் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி, கோட்டுக்குக் கீழே அடிமட்டத்தை வைப்பேன். உறை பெட்டிக்குள் விழுந்ததும் மதாம் பெரோ "ஆ வொத்தே!" என்பார். வாக்களித்தாயிற்று என்று அர்த்தம். பிறகு வாக்களித்தவர் என் முன்னால் வந்து கையெழுத்து வைப்பார். எனக்குப் பக்கத்தில் மத்தியூ என்ற பெடியன் இருந்தான். முப்பது வயது இருக்கும். போட்டியிட்ட இரண்டு சோடிகளில் ஒன்றின் பிரதிநிதி. ஏதாவது பிழை நடக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கட்சி அவனை அனுப்பியிருந்தது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தமிழ்ப் பெண் அவசரமாக வந்தாள். நாற்பது வயதுக்காரி. குளிருக்குப் போட்ட மேலங்கிக்குக் கீழே சமையலறைக் காற்சட்டை தெரிந்தது. வாக்காளர் அட்டை கொண்டுவரவில்லை, அடையாள அட்டை மட்டும்தான். அது போதும். மதாம் பெரோ பெயரைச் சொன்னார். 'கோன்ந்ந்...' என்று மூக்கில் தொடங்கி எங்கேயோ போய் முடிந்தது. பின்னால் செல்வராணி மட்டும் தெளிவாகக் கேட்டது.

அன்று காலையில் நான் பார்த்த முதல் தமிழ் முகம் அது.

"எங்கை வேலை தங்கச்சி?" என்று கேட்டேன்.

"லா சப்பலிலை அண்ணை, சாப்பாட்டுக் கடையிலை. பதினொண்டுக்கு அடுப்பிலை நிக்கவேணும். அதுதான் ஓடி வந்தனான்."

"ஊரிலை எவடம்?"

"கிளிநொச்சி. நீங்கள்?"

"யாழ்ப்பாணம். இஞ்சை, இதிலை வையுங்கோ."

தமிழில் 'க. செல்வராணி' என்று விறுவிறுவென்று எழுதிவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பட்டியல் முழுக்கக் கிறுக்கலாக இருந்த கையெழுத்துகளுக்கு நடுவில் நான் வாசிக்கக்கூடிய ஒரு பெயர்.

4

பகல் ஒன்றரை மணிக்கு இன்னொரு தமிழ்ப் பெண் வந்தார். அறுபதைத் தாண்டியவர். நல்ல சேலை, அதன்மேல் கம்பளிக் கோட், கையில் வாக்காளர் அட்டையும் அடையாள அட்டையும். வரும்போதே எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"முதல் தரம் தம்பி. போன வருசம்தான் பிரெஞ்சுப் பிரசை ஆக்கினவை. மூண்டு தரம் பாசைச் சோதனையிலை விழுத்தினவங்கள்."

தடுப்புக்குள் அதிக நேரம் நின்றார். உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு வந்தார். மதாம் பெரோ பெயரைச் சொன்னார். கந்தசாமி செல்வராணி. அட்டையில் இலக்கமும் இருந்தபடியால் தேட வேண்டியிருக்கவில்லை. அடிமட்டத்தை வைத்தேன்.

அந்தக் கோட்டில் கையெழுத்து இருந்தது.

க. செல்வராணி.

அதற்கு நேர் கீழே, கந்தையா செல்வராணி என்று அச்சடித்த கோடு வெறுமையாக இருந்தது. பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. காலையில் வந்தவள் கந்தையா. எழுத்து வரிசையில் இருவரும் அடுத்தடுத்து. நான் செல்வராணி என்ற பெயரைக் கண்டுவிட்டு, கதைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மேலே இருந்த கோட்டைக் காட்டியிருக்கிறேன்.

மதாம் பெரோவும் எட்டிப் பார்த்தார். பெட்டியின் வாயைக் கையால் மூடினார்.

"மதாம், நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள் என்று இருக்கிறது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன்.

"நான் இப்பத்தானே வாறன், தம்பி."

மதாம் பெரோ அடையாள அட்டையை வாங்கி, அதில் இருந்த கையெழுத்தைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் தமிழில். அதுவும் க. செல்வராணி.

"நீங்கள் இதை வாசிக்கக்கூடியவர்தானே," என்றார் என்னிடம். "இரண்டும் ஒன்றா?"

"எழுதியிருப்பது ஒன்றுதான்," என்றேன்.

"அப்படியென்றால் முடிந்தது," என்றான் மத்தியூ. "காலையில் வந்துவிட்டு மறந்திருக்கலாம். வயதானவர்."

அவனுக்கும் மதாம் பெரோவுக்கும் அவை வெறும் வளைவுகள். கந்தையாவின் எழுத்து சாய்ந்து ஓடுகிறது, கந்தசாமியின் எழுத்து பள்ளிக்கூடத்துக் கொப்பியில் எழுதுவதுபோல வட்டமாக நிற்கிறது என்பதைப் பார்க்கக்கூடிய கண் அந்த மேசையில் என்னுடையது மட்டும்தான். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அந்த விசயம் அந்த இடத்தில் முடிந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. இதே மாதிரிப் பிழையால் ஒரு தேர்தலே இல்லாமல் போயிருக்கும்போது, அதைச் செய்த ஆள் நான் என்று எழுந்து நிற்க எனக்கு ஆசை இருக்கவில்லை. எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆனால் இருந்தேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொண்டார். நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

"பறவாயில்லை தம்பி. பிரச்சினைப்படாதேயுங்கோ. போட்டதாவே இருக்கட்டும். நான் போட்டு வாறன்."

போய்விட்டு வருகிறேன் என்பதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். உறையை மேசையில் வைத்துவிட்டு, கம்பளிக் கோட்டின் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

5

எண்பத்தோராம் ஆண்டு யாழ்ப்பாணத்திலும் ஒரு மாவட்டசபைத் தேர்தல் நடந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபை என்று பெயர். நூலகம் எரிந்த அதே வாரம். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்காளர். அந்த நேரத்தில் வெளியே போகவேண்டாம் என்று அம்மா சொல்லியும் கேட்காமல், வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"என்னப்பா, அதுக்கிடையிலை போட்டாச்சோ?" என்று அம்மா கேட்டார்.

"போட்டாச்சாம்."

"ஆர் போட்டது?"

"நான்தானாம்."

பிறகு சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். அவ்வளவுதான். அவர் சண்டை பிடிக்கவில்லை. யார் போட்டது என்று யாரிடமும் கேட்கவில்லை. பெட்டிகள் காணாமல் போனதாகப் பிற்பாடு ஊரில் கதைத்துக்கொண்டபோதும் அவர் அந்தப் பேச்சில் சேரவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தேர்தலுக்கும் போகவும் இல்லை. நானும் அதைப் பற்றிப் பல வருடம் நினைத்ததில்லை. அப்பா காலமாகிப் பதினைந்து வருடமாகிறது.

அந்த அம்மா பொத்தான் பூட்டியபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவுக்கு நியாயம் செய்கிறேன் என்றெல்லாம் நான் எழும்பவில்லை. அன்றைக்கு அப்பாவைத் திருப்பி அனுப்பிய மேசையில் அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளுக்கு இதுவரை என் மனதில் ஒரு முகம் இருக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, நில்லுங்கோ," என்றேன். "பிழை என்ரை."

மதாம் பெரோவுக்குப் பிரெஞ்சில் சொல்ல வாய் திறந்தேன். என் பிழை என்பதற்கு 'ஃபோத்' என்று முடிக்க வேண்டும். பதற்றத்தில் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டேன். 'ஃபோ' என்று வந்தது. அதற்குப் பொய், போலி என்று அர்த்தம். மத்தியூ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"போலிக் கையெழுத்தா? யார் வைத்தது?"

இருபது வருடம் மற்றவர்களுக்குப் பிரெஞ்சு எழுதிக்கொடுத்தவனின் வாயில் இருந்து வந்தது இது. நான் மூச்சை விட்டு, சொல்லைச் சரியாகச் சொல்லி, அடிமட்டத்தை இரண்டு கோட்டுக்கும் கீழே வைத்துக் காட்டினேன்.

6

மேசையில் இருந்தவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். என்னைத் தவிர மற்ற மூன்று பேரும், மதாம் பெரோ, மத்தியூ, மற்றச் சோடியின் பிரதிநிதி, பேசினார்கள். என் சொல்லை நம்புவதாக மதாம் பெரோ சொன்னார். ஆனால் மத்தியூ, காலையில் வந்த பெண் நேரில் வந்து தன் கையெழுத்து இதுதான் என்று சொன்னால் ஒழிய விடமாட்டேன் என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆறு மணிக்கு நிலையம் மூடுமுன் அவள் வந்து தன் கோட்டில் கையெழுத்து வைத்தால், இந்த அம்மாவும் வாக்களிக்கலாம். வராவிட்டால் இல்லை. அப்படித்தான் முடிவாயிற்று.

அவள் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. லா சப்பலில் கிளிநொச்சிச் செல்வராணி எந்தக் கடையின் அடுப்பில் நிற்கிறாள் என்று கேட்க எனக்கு இரண்டு தொலைபேசி போதுமாக இருந்தது. பின்னால் சட்டி உரசும் சத்தத்தோடு அவள் தொலைபேசிக்கு வந்தாள். விசயத்தைச் சொன்னேன். சட்டிச் சத்தம் தூரப் போனது. வெளியே வந்துவிட்டாள் போல.

"அண்ணை, நான் ஒண்டுதான் போட்டனான்."

"தெரியும் தங்கச்சி. நான்தான் பிழையான இடத்தைக் காட்டிப்போட்டன்."

"ரெண்டு போட்டனெண்டு சொல்லி என்ரை பிரசாவுரிமையை எடுத்துப்போடுவாங்களோ?"

"இல்லை. ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

"திரும்பவும் கையெழுத்து வைக்கவேணுமோ?"

"ஓம். உங்கடை கோட்டிலை."



"சண்டை முடிய அடைச்சு வைச்ச முகாமிலை எங்களிட்டை எத்தினை பேப்பரிலை கையெழுத்து வாங்கினவங்கள் தெரியுமே? ஒண்டும் இல்லை, வைச்சிட்டுப் போ எண்டுதான் எல்லாரும் சொன்னவங்கள். நீங்களும் அப்பிடித்தான் சொல்லுறியள்."

ஒன்றும் நடக்காது என்று நான் எந்த அதிகாரத்தில் சொல்கிறேன்? ஒரு நாள் மேசையில் இருக்கிற ஆள்.

"இஞ்சை ஒரு அம்மா இருக்கிறா," என்றேன். "உங்கடை பேர்தான் அவவுக்கும். முதல் வாக்கு. நீங்கள் வராட்டில் அவவாலை போடேலாது. உங்களுக்கு ஏதும் வந்தால் என்ரை பிழையெண்டு எழுதி, என்ரை பேரிலை கையெழுத்து வைச்சுத் தாறன். முதல் அதை நான் வைக்கிறன். பிறகு நீங்கள் வையுங்கோ."

"மூண்டு மணிக்குத்தான் அடுப்பு ஓயும்," என்றாள் கடைசியில். "அதுக்குப் பிறகு எப்பிடி வாறது?"

ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்பி வந்தால் எத்தனை மணியாகும் என்று சொல்ல முடியாது. மயூரிக்குத் தொலைபேசி எடுத்தேன். கார் அவளிடம்தான். என்ன ஏது என்று கேட்டாள். சொன்னேன்.

"நீங்கள் ஏன் உங்கள் பெயரைச் சொன்னீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "சும்மா பட்டியலில் பிழை என்று சொல்லியிருக்கலாமே."

"பட்டியல் தானாப் பிழை விடாது, மயூரி."

"சரி," என்றாள். மூன்று மணிக்கு லா சப்பலுக்குப் போவதாகச் சொன்னாள்.

7

கந்தசாமி செல்வராணி அக்காவை வீட்டுக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வரச் சொன்னோம். அவர் போகவில்லை. பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில், முழங்கால் நெஞ்சுக்கு வருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். உறை மடியில். மதாம் பெரோ தன் கதிரையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க நின்றார். இரண்டரை மணி நேரத்தில் ஏழோ எட்டோ பேர் வந்து வாக்களித்தார்கள். ஒவ்வொரு 'ஆ வொத்தே'க்கும் அக்கா தலையை நிமிர்த்திப் பெட்டியைப் பார்த்தார்.

நாலு மணி தாண்டிக் கார் வந்தது. கந்தையா செல்வராணி ஒரு பிளாஸ்டிக் கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அகதி அட்டையில் தொடங்கிப் பிரசாவுரிமைப் பத்திரம் வரை எல்லாமே அதற்குள் இருந்தன. வருகிற வழியில் அவளுடைய வீட்டுக்குப் போய் எடுத்து வந்ததாக மயூரி சொன்னாள். நாங்கள் கேட்கும் முன்னரே கந்தையா செல்வராணி ஒவ்வொன்றாக மேசையில் பரப்பத் தொடங்கினாள். மதாம் பெரோ அவற்றைப் பார்க்காமல், அப்படியே சேர்த்து, விளிம்புகளைத் தட்டி ஒழுங்காக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"அடையாள அட்டை மட்டும் போதும், மதாம். நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள்."

அன்றைய நிகழ்வுகளை எழுதுகிற பதிவேட்டில் மதாம் பெரோ நடந்ததை எழுதினார். 'உதவியாளரின் பிழையால்' என்று எழுதி என் பெயரையும் எழுதினார். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். நான் முதலில் கையெழுத்து வைத்தேன். பிறகு கந்தையா செல்வராணி தன் கோட்டில் வைத்தாள். மெதுவாக எழுதியதால் இந்தமுறை எழுத்து அவ்வளவு சாயவில்லை. மத்தியூ காலையில் வைத்ததையும் இப்போது வைத்ததையும் மாறிமாறி நெடுநேரம் பார்த்தான். பிறகு சரி என்று தலையை ஆட்டினான்.

இரண்டு செல்வராணிகளும் அப்போதுதான் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. உங்கடை இடத்திலை எழுதிப்போட்டன்."

"என்ரை பேரைத்தானே எழுதினனீ," என்றார் மற்றவர். "சாப்பிட்டியோ? வேலையாலை நேரை வாறாய் போலை."

அதற்குப் பிறகு அக்கா எழுந்து, சேலையை இழுத்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் வந்தார். மதாம் பெரோ பெயரைச் சொன்னார். இந்தமுறை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. உறை விழுந்தது. "ஆ வொத்தே!" அக்கா ஏதோ பரிசு கொடுத்தது போல அவருக்கு நன்றி சொன்னார். தன் பெயருக்கு நேரே, காலைக் கையெழுத்தில் கோடு கீறிவிட்டு மதாம் பெரோ காட்டிய இடத்தில், வட்ட வட்டமாக எழுதினார். நான் அடிமட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மயூரி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெயரும் இதே பட்டியலில்தான்.

"நீயும் போடன் பிள்ளை," என்றார் அக்கா அவளிடம்.

அடையாள அட்டை கொண்டுவரவில்லை என்றாள். வீடு ஐந்து நிமிடத்தில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்றேன். ஓம் என்று தமிழில் சொன்னாள். கந்தையா செல்வராணியை மறுபடியும் வேலைக்குக் கொண்டுபோய் விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. ஆறு மணிக்கு மூடும்போது அவளுடைய கோடு வெறுமையாக இருந்தது. நான் பார்த்தேன்.

8

சீட்டுகளை எண்ணி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டியில் இருந்த உறைகளும் பட்டியலில் இருந்த கையெழுத்துகளும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. எங்கள் நிலையத்தில் மத்தியூவின் சோடி முன்னால் நின்றது. ஆனால் கந்தோன் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது அவர்கள் தோற்றுவிட்டார்கள். பதின்மூன்று வாக்கு வித்தியாசம்.

தோற்றவர்கள் நீதிமன்றத்துக்குப் போக ஐந்து நாள் அவகாசம் உண்டு. அவர்களுடைய ஆள் எனக்குப் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமையே லா சப்பலில் கதை பரவிவிட்டது. தேங்காய் வாங்கப் போன கடையில், "அண்ணை, உங்களாலை மூண்டாந்தரமும் வைக்கப்போறாங்களாமே?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். அந்த வாரம் படிவம் நிரப்ப வந்தவர்களில் இரண்டு பேர், நான் எழுதிய பெயரைத் திருப்பி வாங்கி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார்கள். முன்னர் யாரும் அப்படிச் செய்ததில்லை. அவர்கள் செய்தது சரி.

ஐந்தாம் நாள் மாலை, எங்கள் ஊர் நிலையத்தில் ரயிலால் இறங்கும்போது மத்தியூவைக் கண்டேன். நான் ஒதுங்கிப் போக நினைத்தேன். அவன் வந்து கைகொடுத்தான்.

"எல்லா நிலையத்துப் பதிவேடுகளையும் உட்கார்ந்து வாசித்தோம்," என்றான். "உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது, யார் செய்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று எல்லாம் இருக்கிறது. அதை வைத்து நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "வேறு இடத்திலும் ஒன்றும் இல்லை. நாங்கள் போகவில்லை," என்றான். தோற்றவனின் முகம்தான். ஆனால் கை இறுக்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மயூரியிடம் சொன்னேன். "அப்ப முடிஞ்சுது," என்றாள். எனக்கு முன்னால் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரூ பஜோல் பிள்ளையார் கோவிலில் கந்தசாமி செல்வராணி அக்காவைக் கண்டேன். மத்தியானப் பூசை முடிந்து சனம் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டவுடன் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஆர் வெண்டது? என்ரை பேரன் போனிலை பாத்துச் சொன்னவன். எனக்கு வடிவா விளங்கேல்லை."

வென்ற சோடியின் பெயர்களைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தவுடன் அது அவர் போட்ட சோடி இல்லை என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டும் இப்படியா என்று எனக்குக் கவலையாகப் போயிற்று.

"எத்தினையாலை?"

"பதின்மூண்டு, அக்கா."

விரல் மடக்காமல், உதடு மட்டும் அசைய, எதையோ கணக்குப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"அண்டைக்கு நான் திரும்பிப் போயிருந்தனெண்டால், பதினாலாலை எல்லோ தோத்திருப்பினம்."